ரோஸ் ஜேர்சியும் ஒரு நாள் பேரும்

2017 பெப்ரவரி 4ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் இலங்கை அணி துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தபோது தேனீக் கூட்டமொன்று மைதானத்துக்குள் இறங்கியது. வீரர்களும் நடுவர்களும் புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். தேனீ வளர்ப்பவர் ஒருவர் வந்து அவற்றைப் பிடித்துக்கொண்டு போகும்வரை ஆட்டம் நின்றது. உலகப் பத்திரிகைகளுக்கு அன்று அதுதான் செய்தி. தென்னாபிரிக்க வீரர்கள் வழக்கமான பச்சையை விட்டு ரோஸ் நிற ஜேர்சியில் இறங்கியிருந்தார்கள். பார்க்க வந்த கூட்டமும் அதே நிறத்தில் வந்திருந்தது. அந்த நாளின் பெயரால் சேர்ந்த பணம் அந்நகரின் சார்லட் மக்செக்கே வைத்தியசாலையில் உள்ள மார்பகச் சிகிச்சை நிலையத்துக்கு உரியது. இதெல்லாம் தேனீக்களுக்குப் பின்னால் மறைந்துபோனது.

குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்பது மலையகத்துக்குப் புதிதல்ல. கொழுந்து மலையில் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கொட்டுப்பட்டவர்களை அகப்பட்ட வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். மறுநாள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு செய்தி வரும். வலிக்கிற ஆபத்து வந்தால் தோட்டம் உடனே அசைகிறது. மார்பில் பட்டாணியளவு கட்டி, கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, காரணமில்லாத இரத்தப்போக்கு என்று வருகிற ஆபத்து ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. "வலிக்கவா செய்யுது, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று மாதங்கள் கழிகின்றன. வலி தொடங்கும்போது நோய் முற்றியிருக்கிறது.

புற்றுநோய்க்காக ஜேர்சி போடும் வழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது. அது நல்லதே. மலையகத்துத் தீபாவளிக் கிண்ணத்திலும் சித்திரைப் புத்தாண்டுப் போட்டியிலும் ஏதாவதோர் அணி ரோஸ் ஜேர்சி அணிந்து இறங்க நினைத்தால் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தைப்பவர்களிடமும், அனுசரணை கொடுக்கும் கம்பனிகளிடமும், மேடையேறும் அரசியல்வாதிகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஜேர்சியைப் பார்த்து விழிப்படைந்த ஒரு பெண் மறுநாள் காலை பிரட்டுக்களத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவளுடைய அன்றைய பேரை, அந்த நாட்சம்பளத்தை, யார் போடுவது?

மூன்று நிறம், மூன்று நோய்

2018 மே 11ஆம் திகதி ஜெய்ப்பூரில் சென்னை அணிக்கு எதிராக ராஜஸ்தான் ரோயல்ஸ் ஒரு விசேட ஜேர்சியில் விளையாடியது. அதில் மூன்று நிறங்கள் இருந்தன. ரோஸ் மார்பகப் புற்றுநோய்க்கு, நீலப்பச்சை கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு, கருஞ்சிவப்பு வாய்ப் புற்றுநோய்க்கு. 2023 மே 15ஆம் திகதி குஜராத் டைட்டன்ஸ் அணி லாவண்டர் நிறத்தில் இறங்கியது. அது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் நிறம். வணிகக் கணக்கு எதுவாக இருந்தாலும், ராஜஸ்தான் அணி தேர்ந்த மூன்றும் மலையகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகின்றன.

இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய். ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வாய்க்குக் காரணம் ஊரறிந்தது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பனிக் காற்றிலும் அடைமழையிலும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும், கவ்வாத்து வெட்டும் ஆணுக்கும் இடுப்பில் செருகிய வெற்றிலைப் பை பசியையும் குளிரையும் ஒத்திப்போடும் மருந்து. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்திவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே வாய்ப் புற்றுநோயையும் அதன் முன்னறிகுறிகளையும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். ஆக, தோட்டத்தில் இந்தப் பிரச்னை இருக்கிறது என்பது புதிய செய்தியில்லை. அறிந்த பிறகும் ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதுதான் மனக்குறை.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை அரசு மறந்துவிடவில்லை. 1996இலிருந்து நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதை எட்டும் பெண்கள் பாப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டார்கள். மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் அங்கேயே இலவசமாகப் பார்க்கப்படும். 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு இந்த நோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும் போடப்படுகிறது. கொள்கையளவில் குறை சொல்ல இடமில்லை. கிளினிக்கின் கதவுக்கும் கொழுந்து மலைக்கும் இடையில்தான் குறை கிடக்கிறது.

பேர் விழாத நாள்

தோட்டத்தில் நாட்சம்பளம் என்பது 'பேர்'. காலையில் பிரட்டில் பெயர் கொடுத்து, மலைக்குப் போய், கேட்ட கிலோவை நிறுத்துக் கொடுத்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் ஒன்றுமில்லை. 2021இல் ஆயிரம் ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவானது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக உயர்த்தவும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகையை அரசே தரவும் முன்மொழியப்பட்டது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாட்சம்பளம் கூடக்கூட ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளின் நட்டமும் கூடுகிறது. வருகைக்கு ஊக்கத்தொகை என்றால், கிளினிக்குக்குப் போன பெண் 'வராதவள்' ஆகிறாள்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு முச்சக்கரவண்டி, அங்கிருந்து பஸ், கிளினிக்கில் நம்பர், பிற்பகல் ஆகிவிட்டால் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருப்பு. அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலைப் பக்கத்து உள் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது முழு நாள் வேலை. வலியில்லாத ஒரு கட்டிக்காக, நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு பரிசோதனைக்காக, கடைக்கணக்கு ஏறிக்கிடக்கும் வீட்டுப் பெண் ஒரு பேரை விடுவாளா? விடமாட்டாள். இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். அவள் கணக்குத் தெரிந்துதான் போகாமலிருக்கிறாள்.

விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரங்களுக்கும் லயத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல இன்னொன்றும் உண்டு. மாதமொருமுறை குளியலறைக் கண்ணாடி முன் நின்று மார்பைத் தடவிப் பாருங்கள் என்கிறது பிரசுரம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளைகளோடும் மாமனார் மாமியாரோடும் வாழ்கிறவளுக்கு எந்தக் குளியலறை? எந்தக் கண்ணாடி? பீலிக்கரையில் குறுக்குக்கட்டோடு, பின்னால் ஆள் நிற்க, குடத்தையும் பார்த்துக்கொண்டு குளிக்கிறவளிடம் இதைச் சொல்லும் முன் எழுதியவர் ஒருமுறை லயத்துக்கு வந்து பார்த்திருக்கலாம்.

நோய் உறுதியான பிறகு தூரம் இன்னும் நீள்கிறது. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் கிடைத்தது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நேரில் வந்து திறந்துவைத்தார். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் நெதர்லாந்து உதவியோடு புதிதாக எழுந்தது. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் கண்டிக்கோ மஹரகமவுக்கோ போக வேண்டும். அது வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரங்களுக்கு நீளக்கூடிய சிகிச்சை. துணைக்கு ஒருவர் போனால் இரண்டு பேர் நிற்கும். அங்கே தாதி சொல்வது புரியாமல், கையில் தந்த கடதாசியை வாசிக்கத் தெரியாமல், அடுத்த திகதியைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

கண்ணும் கையும் போதும்

இந்த மூன்று நோய்களுக்கும் ஒரு பொது இயல்பு இருக்கிறது. ஆரம்பத்திலேயே சந்தேகப்பட விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பழகிய கண்ணும் கையும் போதும். இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரையான பெண்களைப் பயிற்சி பெற்ற தாதியர் பரிசோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, கருப்பைக் கழுத்து வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பதுதான் முறை. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி அந்த நோய் நான்கில் ஒரு பங்கும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கிய இன்னோர் ஆய்வில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததை 2021இல் வெளியிட்டார்கள். வாய்ப் புற்றுநோயிலோ இலங்கையே முன்னோடி. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய தலைமையிலான குழு, அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து சந்தேகமானவர்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று 1984இல் உலக சுகாதார அமைப்பின் சஞ்சிகையில் எழுதியது. நாற்பதாண்டுகளுக்கு முன் இந்த நாடு உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், இன்று நமது தோட்டத்து மருந்துசாலையில் ஆண்டுக்கொருமுறையாவது நடக்க வேண்டாமா?

நடத்த ஆட்களும் இருக்கிறார்கள். மருத்துவமாது லயம் லயமாகப் போகிறார். தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கிறார். பிள்ளை மடுவத்தில் பயிற்சி பெற்ற பெண் உத்தியோகத்தர் இருக்கிறார். கொழுந்தெடுக்கும் இளந்தாய்மார் பிள்ளையை விடவும் எடுக்கவும் அவரிடம்தான் வருகிறார்கள். பிள்ளைக்கு நிறை பார்க்கும் நாளில் தாயின் வாயையும் பார்க்கலாம். 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களுக்குத் தடை வந்தபோது சட்டம் கடையைப் பார்த்தது. வாயைப் பார்க்க யாரையும் அனுப்பவில்லை.

பணம் எங்கே போகிறது?

விளையாட்டால் சேரும் பணம் உருப்படியாக எதையும் செய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத்தும் மனைவி ஜேனும் 2005இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஜேன் 2008இல் மார்பகப் புற்றுநோயால் காலமானார். 2009 முதல் சிட்னியின் புத்தாண்டு டெஸ்ட் அவர் நினைவாக ரோஸ் டெஸ்டாக நடக்கிறது. 2013 ஜனவரியில் அதில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மஹேல ஜயவர்தன. சின்ன வயதிலேயே தம்பியை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்தவர். அந்த அறக்கட்டளை சேர்ந்த பணத்தில் பெரிய மண்டபம் எதையும் கட்டவில்லை. தாதியரை நியமித்தது. நோய் கண்ட நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை நோயாளியின் கையைப் பிடித்து அழைத்துப்போவதே அவர்களுடைய வேலை. நகரத்துக்கு வெளியே வாழ்கிறவர்களுக்கும் அவர்கள் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டது. இன்று அவர்கள் இருநூறுக்கும் மேல்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2011இல் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் பணம் திரட்டத் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தார்கள். கூட ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். வடக்கு மக்களுக்குத் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலை உருவாக அந்த நடை உதவியது. 2016இல் திரும்பவும், இம்முறை வடக்கிலிருந்து தெற்காக, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தார்கள். வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. நடுவில் நிற்கும் மலைநாட்டுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? நாங்கள் கேட்பது ஆஸ்பத்திரிக் கட்டடம்கூட இல்லை.

ஜேர்சியை வாங்கச் சொல்கிறவர்கள் மூன்று விடயங்களை அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட வேண்டும். ஒரு ஜேர்சியில் எவ்வளவு நன்கொடை? மொத்தம் எவ்வளவு சேர்ந்தது? எந்த வைத்தியசாலைக்கு, எந்த வேலைக்கு, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது? அமெரிக்காவில் ரோஸ் நிறத்தைப் போட்டுப் பொருள் விற்ற கம்பனிகளிடம் இதே கேள்விகளை 2002இலிருந்தே ஒரு பெண்கள் இயக்கம் கேட்டு வருகிறது. தோட்டத்து மென்பந்துப் போட்டியில் கேட்டால் அது சந்தேகப்படுவதாகாது. கோயில் திருவிழாக் கணக்கை ஊருக்கு வாசிக்கும் பழக்கம் நமக்கு உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதும் முக்கியமானதும் இது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அழைத்த பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர் விழ வேண்டும், அந்த நாள் வருகையாகவும் கணக்கிடப்பட வேண்டும். கிளினிக் அட்டையில் போடும் முத்திரையே போதிய அத்தாட்சி. இதன் செலவு என்ன? ஒரு தோட்டப் பிரிவில் அந்த ஆண்டு 35 வயதையும் 45 வயதையும் எட்டுகிற பெண்கள் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளமும் ஊக்கத்தொகையுமாக நாளொன்றுக்கு 1,750 ரூபா வீதம் 35,000 ரூபா. அது ஓர் ஆண்டுக்கு, ஒரு முழுப் பிரிவுக்கு. ஓர் அணிக்கு ஜேர்சி தைத்து, பதாகை கட்டி, ஒலிபெருக்கி வைக்கும் செலவோடு கம்பனிகளே இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது, கிளினிக் தோட்டத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண்டுக்கொருமுறை நடமாடும் பரிசோதனை; மருந்துசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ, மறைப்புப் போட்ட அறையில், பெண் உத்தியோகத்தர் கையால். ஆண்களுக்கு வாய்ப் பரிசோதனையை மைதானத்திலேயே நடத்தலாம். இறுதிப் போட்டி நாளில் ஆட வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் பல் வைத்தியர் முன் வாயைத் திறந்துவிட்டுப் போகட்டும். ரோஸ் ஜேர்சி அணிகிற அணியின் முதல் கடமை இதுவாக இருக்கலாம்.

மூன்றாவது, நுவரெலியாவிலும் கிளங்கனிலும் தமிழ் பேசும் வழிகாட்டித் தாதி ஒருவர் வீதம் நியமிக்கப்பட வேண்டும். சந்தேகப்பட்ட நாளிலிருந்து கண்டியிலோ மஹரகமவிலோ சிகிச்சை முடியும்வரை திகதி நினைவூட்டுவது, கடதாசி வாசித்துச் சொல்வது, பஸ் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் வழி பார்ப்பது அவர் பொறுப்பு. மார்பகப் புற்றுநோயைச் சந்தேகித்ததிலிருந்து 60 நாட்களுக்குள் உறுதிசெய்ய வேண்டும், நோயாளிகளில் 80 சதவீதமானோராவது சிகிச்சையை முடிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. உள் தோட்டத்தில் அந்த 60 நாட்களை எண்ணுவதற்கு ஓர் ஆளாவது வேண்டும். ஜேர்சி விற்ற பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு கிடையாது.

இதில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதும் தெளிவு. நடமாடும் கிளினிக்கும் தாதி நியமனமும் சுகாதார அமைச்சுக்கும் மத்திய மாகாண சபைக்கும் உரியவை. இடமும் வாகனமும் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும், மக்கள் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் உரியவை. தோட்ட ஆஸ்பத்திரியை அரசு எடுப்பதா கம்பனி வைத்திருப்பதா என்ற இழுபறி பல ஆண்டுகளாக நடக்கிறது. அது முடியும்வரை பரிசோதனை காத்திருக்கத் தேவையில்லை. முழுப் பேர் என்பது தொழிற்சங்கங்கள் பேசி வாங்க வேண்டியது. சம்பள உயர்வு எத்தனை ரூபா என்பதில் போட்டி போடுகிற சங்கங்கள் எல்லாம் இதில் ஒன்றாக நிற்கலாம். இந்தக் கட்டி எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம் என்று கேட்டு வருவதில்லை.

இளைஞர் கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்து போட்டி நடத்துகிற தம்பிமார், அடுத்த கிண்ணத்துக்கு ஜேர்சி அடிக்கும் முன் தங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எங்கள் தோட்டத்தில் 35 வயதான பெண்கள் இத்தனை பேர், இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானமும் மண்டபமும் தயார், ஆளை அனுப்புங்கள் என்று எழுதுங்கள். அதே கடிதத்தின் பிரதியைத் தோட்ட முகாமையாளருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அந்தக் கடிதங்கள் நூறாகச் சேர்ந்து வந்தால், பரிசோதனை நாளுக்கு முழுப் பேர் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் எந்தத் தரப்பும் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது.